கடலாமை முட்டைகளுக்குப் பொரிப்பகம் அமைத்து நடத்திய அனுபவம்

கடலாமை முட்டையிட்ட குழியை அது தோண்டிய இடத்திலேயே விட்டுக் காவல் காக்க முடியுமானால், பொரிப்பகம் என்ற ஒன்றே தேவையில்லை. அலை ஏறி அரித்துச் செல்லும் தாழ்வான மணலில் முட்டைகள் கிடந்தாலோ, நாயும் நரியும் தோண்டுவதைத் தடுக்க வழியில்லாவிட்டாலோ, திருட்டுப் போவது உறுதி என்று தெரிந்தாலோ மட்டுமே அவற்றை எடுத்து, வேலியிட்ட ஓரிடத்தில் மீண்டும் புதைக்க வேண்டும். எங்கள் குழுவின் பொறுப்பில் இருந்த கடற்கரையில் இந்த மூன்று ஆபத்துகளும் இருந்தன. ஆகவே உரிய அனுமதியைப் பெற்று, பங்குனி ஆமைகள் என்ற (ஆலிவ் ரிட்லி) கடலாமை இனத்துக்காகத் திறந்தவெளிப் பொரிப்பகம் ஒன்றை அமைத்தோம். அதை அமைத்த விதத்தையும், எந்த வேலைக்குச் செலவிட்ட உழைப்பு பலன் தந்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். வேலியும் இரவுக் காவலும் பார்ப்பவர் கண்ணில் படும் வேலைகள். ஆனால் முட்டையின் கதியைத் தீர்மானிப்பது அதைச் சுற்றியுள்ள மணலின் வெப்பமும் ஈரமும் காற்றோட்டமுமே என்பதால், எங்கள் கவனத்தில் பெரும்பகுதி அங்கேதான் சென்றது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் அவசரப்படவில்லை. கடல் மிக உயர்ந்து ஏறும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில், மனத்தில் வைத்திருந்த இடங்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் நீர் ஊறுகிறதா என்று பார்த்தோம். பங்குனி ஆமையின் முட்டைக்குழி 45 முதல் 50 சென்டிமீட்டர் ஆழம் வரை செல்லும். நிலத்தடி நீர் அந்த ஆழத்தை நெருங்கினால், மணற்துகள்களுக்கு இடையில் காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். அடியடுக்கில் உள்ள முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகும். நீர் ஊறிய குழிகளை மூடிவிட்டு, மழைநீர் தேங்காமல் வடிந்துபோகும் சற்றே மேடான இடம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அடப்பங்கொடி அடர்ந்து படர்ந்த பகுதியையும் தவிர்த்தோம். மணலைப் பிடித்து நிறுத்துவதில் அந்தக் கொடிக்கு இணையில்லை என்றாலும், ஈரத்தைத் தேடிச் செல்லும் அதன் வேர்கள் முட்டைக் குவியலுக்குள் நுழைந்து ஓட்டைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். அப்படிப் பின்னிய வேர்களிலிருந்து குஞ்சுகள் விடுபட முடியாது.

மணலை முழுவதும் சலிக்க வேண்டுமா என்பதில் பொரிப்பகம் நடத்துவோரிடையே ஒத்த கருத்து இல்லை. நாங்கள் தேர்ந்த பகுதியில் பழைய வலைத் துண்டுகளும் கண்ணாடிச் சில்லுகளும் வேர்க்கட்டைகளும் புதைந்திருந்ததால், முட்டை வைக்கும் ஆழம் வரை சலித்தோம். சலித்த மணல் தளர்ந்து, காய்ந்து, குழி தோண்டும்போது சரிந்து விழும் என்பதால், ஆமைகள் கரையேறும் பருவத்துக்கு வெகுமுன்னரே அந்த வேலையை முடித்து, மணல் தானாகப் படியக் கால அவகாசம் கொடுத்தோம். சுத்தமான மணல் உள்ள கரையில் இந்த வேலையைச் செய்யாமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம். இயற்கையாகப் படிந்த மணலின் கட்டமைப்பைக் கலைத்துவிட்டு அதை மீண்டும் உண்டாக்குவது எளிதன்று.

வேலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கழிகளை நட்டு, நாய் தாண்ட முடியாத உயரத்துக்குக் கம்பிவலை கட்டினோம். அடிப்பகுதியில் மட்டும் சிறு கண்ணுள்ள வலையை அரை மீட்டர் ஆழத்துக்குப் புதைத்தோம். மணல் நண்டு வளை தோண்டிச் சாய்வாக உள்ளே வரும். மேலே எவ்வளவு உயரமான வேலி இருந்தாலும் அதற்குப் பொருட்டில்லை. உள்ளே தரையைக் கயிற்றால் கட்டங்களாகப் பிரித்து, ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்த குழியின் நடுவுக்கு ஒரு மீட்டர் இடைவெளி விட்டோம். இடம் குறைவாக இருக்கிறதே என்று இந்த இடைவெளியைச் சுருக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வளரும் கருக்கள் வெப்பத்தை வெளியிடுகின்றன. உயிர்வளியை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகின்றன. குழிகள் நெருங்கினால் ஒன்றின் வெப்பமும் கழிவு வாயுவும் மற்றொன்றைப் பாதிக்கும். காவலர்கள் நடப்பதற்கும் அந்த ஒரு மீட்டர் தேவை.

இனி முட்டைகளை எடுப்பதைப் பற்றி. இரவு ரோந்தில் ஆமையின் தடத்தைக் கண்டால் முதலில் அதன் வடிவத்தைப் பார்ப்போம். பங்குனி ஆமை இடது, வலது துடுப்புகளை மாறி மாறி வைத்து நகர்வதால், இருபுறத் தடங்களும் ஒன்றுக்கொன்று எதிராக அமையாமல் முன்பின்னாக விழுந்திருக்கும். மற்றொரு கடலாமை இனமான பேராமை இரு முன்துடுப்புகளையும் ஒருசேர வீசி நகர்வதால் அதன் தடம் இணையிணையாக இருக்கும். தடத்தின் முடிவில் ஆமை இன்னும் தோண்டிக்கொண்டிருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, அதன் பார்வையில் படாமல் பின்புறம் தள்ளி அமர்ந்துவிடுவோம். முட்டை விழத் தொடங்கும் முன் சிறு தொந்தரவு ஏற்பட்டாலும் அது குழியை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கியபின் அது பெரும்பாலும் அசைவதில்லை. வேலை முடிந்ததும் பின்துடுப்புகளால் மணலைத் தள்ளி மூடி, உடலை இடமும் வலமுமாகச் சாய்த்து, வயிற்று ஓட்டால் மணலைத் தட்டித் தட்டி இறுக்கும். அந்தத் தட்டல் சத்தம் சில அடி தூரத்தில் அமர்ந்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். அது கடலுக்குத் திரும்பியபின்னரே நாங்கள் குழியைத் திறப்போம்.

ஆமையைக் காணாமல் தடத்தை மட்டும் கண்ட இடங்களில் முட்டையைத் தேடுவது கடினம். கூர்மையான கம்பியை மணலில் குத்திப் பார்க்கும் வழக்கம் பல கடற்கரைகளில் உண்டு; அதில் ஒரு முட்டை உடைந்தாலும் வழிந்த கரு, எறும்பையும் பூஞ்சையையும் மொத்தக் குவியலுக்குள் அழைத்து வந்துவிடும். மழுங்கிய முனையுள்ள மெல்லிய கோலை எடையில்லாமல் ஊன்றி, மணல் எங்கே இளகிக் கொடுக்கிறதோ அங்கே கையால் தோண்டுவதையே நாங்கள் பின்பற்றினோம்.

முட்டைகள் மேசைப் பந்தாட்டப் பந்தின் அளவில் இருக்கும். ஓடு தோல்போல் மென்மையாக இருப்பதால் விரல் பட்ட இடம் சற்றே குழியும். ஒரு குழியில் சராசரியாக நூறுக்குச் சற்று மேல் இருக்கும். அவற்றின் மேல் படிந்திருக்கும் வழுவழுப்பான திரவத்தைத் துடைக்கவோ கழுவவோ கூடாது. நகத்தை வெட்டி, சுத்தமான கையுறை அணிந்து, அடியில் ஈரமணல் பரப்பிய வாளியில் ஒவ்வொன்றாக அடுக்குவோம். மேலேயும் அந்தக் குழியின் ஈரமணலையே தூவுவோம். ஒவ்வொரு முட்டையும் குழியில் எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அந்தப் பக்கமே மேலாக இருக்கும்படி வைப்பது முக்கியம். அதற்குக் காரணம் உண்டு. தாயின் கருக்குழாயில் உயிர்வளி குறைந்த நிலையில் கருவின் வளர்ச்சி நின்றிருக்கிறது; முட்டை வெளிக்காற்றுக்கு வந்தபின் அது மீண்டும் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் கரு, முட்டையின் மேற்பகுதிக்கு வந்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் அந்த மெல்லிய இணைப்பு அறுந்து கரு இறந்துவிடும். ஆஸ்திரேலியாவில் காலின் லிம்பஸும் உடன் ஆய்வாளர்களும் பெருந்தலை ஆமை என்ற வேறொரு கடலாமை இனத்தின் முட்டைகளை வைத்து 1979-இல் இதைக் களத்திலேயே விளக்கிக் காட்டினார்கள்.

முட்டை விழுந்ததிலிருந்து புதிய குழியில் வைக்கும் வரை இரண்டு மணி நேரம் என்பதை எங்கள் எல்லையாக வைத்துக்கொண்டோம். விடியற்காலையில்தான் கண்ணில் பட்டது, எப்போது இட்டது என்று தெரியவில்லை என்றால், முடிந்தவரை இடம் மாற்றாமல், அதே இடத்தில் மேலே வலை பரப்பிப் பாதுகாத்தோம். அலையால் அழிவது உறுதியான இடத்தில் மட்டும், ஒவ்வொரு முட்டையின் மேற்பக்கத்திலும் மென்மையான பென்சிலால் ஒரு புள்ளியிட்டு, புள்ளி மேலே தெரியும்படியே எடுத்து, அப்படியே கொண்டுபோய் வைத்தோம். வாளியைக் கையில் தூக்கி நடந்தோம். மிதிவண்டியிலோ மோட்டார் வாகனத்திலோ ஏற்றவில்லை.

புதிய குழியை வெட்டுவதற்கு, மூலக்குழியின் ஆழத்தையும் அகலத்தையும் முதலிலேயே அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மேலே கை நுழையும் அளவுக்குக் குறுகிய கழுத்து, கீழே அகன்று உருண்ட அறை என்ற குடுவை வடிவத்தைத்தான் ஆமை தோண்டுகிறது. மண்வெட்டியால் நேர்ச்சுவராக வெட்டிய குழியில் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அழுத்தப்படும். ஆகவே முழங்கை மறையும் வரை கையை விட்டு, அடிச்சுவரை உள்ளங்கையால் குடைந்து அறையை உருவாக்கினோம். மேலே உள்ள காய்ந்த மணல் உள்ளே சரியாமலிருக்க, தோண்டுமுன் அதை வழித்துத் தனியே ஒதுக்கிவிடுவோம். முட்டைகளை வைத்தபின் முதலில் ஈரமணலால் மூடி, கையால் மிதமாக அழுத்தி, கடைசியில் மட்டும் காய்ந்த மணலைப் பரப்புவோம். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது என்பதே ஈரத்துக்கு நாங்கள் வைத்த சோதனை.

வெப்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். கடலாமைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் முட்டை பெறும் வெப்பத்தைப் பொறுத்தது. 29, 30 பாகை செல்சியஸ் அளவில் இரு பாலும் கலந்து பிறக்கும்; அதற்குக் கீழே ஆண்கள் மிகும், மேலே பெண்கள் மிகுவர். 34, 35 பாகைக்கு மேல் நீண்ட நேரம் நீடித்தால் கருவே இறக்கும். பொரிப்பகங்கள் பாலின விகிதத்தைத் தெரியாமலே மாற்றிவிடக்கூடும் என்று கடலாமை ஆய்வாளர் நிக்கோலஸ் மிரோசோவ்ஸ்கி 1982-இல் எச்சரித்தார். முட்டைகளை நுரைப்பெட்டிகளில் வைத்து அடைகாத்தால், கடற்கரை மணலைவிட அவை குளிர்ச்சியாக இருப்பதால் ஆண்களின் பங்கு கூடிவிடும் என்பது அவர் காட்டியது. மறுமுனையில், ஆஸ்திரேலியப் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்களே என்று 2018-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. சூடேறும் மணல்தான் காரணம். இவ்விரண்டையும் மனத்தில் வைத்து, ஆண் எத்தனை பெண் எத்தனை என்று நாங்கள் திட்டமிடப் போவதில்லை என முடிவு செய்தோம். திறந்த கடற்கரையில் முட்டை ஆழத்தில் என்ன வெப்பம் இருக்கிறதோ, அதைப் பொரிப்பகத்துக்குள்ளும் கொண்டுவருவதே எங்கள் இலக்கு.

இதற்காகத் தானாகப் பதிவு செய்யும் வெப்பமானிகளைக் குழிகளின் நடு ஆழத்திலும், வேலிக்கு வெளியே ஆமைகள் வழக்கமாக முட்டையிடும் வரிசையில் அதே ஆழத்திலும் புதைத்தோம். புதைக்குமுன் அனைத்தையும் ஒரே பாத்திரத்தில், உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, பூஜ்ஜியத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகிக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டோம். அரைப் பாகை வித்தியாசம்கூடப் பால்விகிதத்தை மாற்றக்கூடிய ஒரு விஷயத்தில், சரிபார்க்காத கருவியின் எண்ணை நம்பிப் பயனில்லை. வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் வந்த எண்களை ஒப்பிட்டு, உள்ளே வெப்பம் கூடும் கோடைப் பகுதியில் மட்டும் நிழல்வலை கட்டினோம். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் கட்டியதால் காற்று தடையின்றி வீசியது. தாழக் கட்டிய வலைக்கு அடியில் புழுக்கம் தங்கிவிடும். பொரிப்பகம் முழுவதற்கும் ஒரே வலையை விரிக்காமல் ஒரு பகுதியைத் திறந்தே விட்டோம். கடற்கரையிலும் எல்லாக் குழிகளும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை அல்லவா?

அடைகாலத்தின் இறுதிப் பகுதியில் கருக்கள் தாமே வெளியிடும் வெப்பத்தால் குழியின் நடு, சுற்றியுள்ள மணலைவிட ஓரிரு பாகை கூடுதலாக இருப்பதைப் பதிவுகளில் காணலாம். இது இயல்பானது, பதறி நீர் ஊற்றத் தேவையில்லை. மழையே இல்லாமல் மணல் ஆழம் வரை காய்ந்துபோனால் மட்டும், மாலையில், உப்பில்லாத நீரைப் பூவாளியால் மேலே தெளித்தோம். எறும்பு ஏறினால் மருந்து தூவாமல், அதன் புற்றைத் தேடி மணலோடு வெட்டி அகற்றினோம்.

பங்குனி ஆமை முட்டைகள் பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும். நாற்பது நாட்களைத் தாண்டிய ஒவ்வொரு குழியையும் சுற்றி, அடியில்லாத மூங்கில் கூடையைச் சற்றே மணலில் புதைத்து வைத்தோம். துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிக் கூண்டுகள் குழிக்குள் உள்ள காந்தப் புலத்தை மாற்றுகின்றன என்று ஆய்வுகள் சொல்வதும், குஞ்சுகள் திசையறியப் புவியின் காந்தப் புலத்தைப் பயன்படுத்துவதும் தெரிந்த செய்தி என்பதால், இரும்பை வெளிவேலியோடு நிறுத்திக்கொண்டோம்.

பொரிப்பின் முதல் அடையாளம், குழியின் மேல் மணல் சிறு வட்டமாக உள்வாங்குவது. கீழே குஞ்சுகள் ஓட்டைக் கிழித்து வெளிவந்ததும் முட்டைகள் பிடித்திருந்த இடம் குறைவதால் மேல்மணல் இறங்குகிறது. அதன்பின் அவை கூட்டமாக மேல்நோக்கி ஏறிவர இரண்டு, மூன்று நாட்கள்கூட ஆகும். மேல்மணல் சூடாக இருக்கும்வரை அதற்குச் சற்றுக் கீழே அசையாமல் காத்திருந்து, இரவில் குளிர்ந்ததும் மேலே வருகின்றன. அதனால் இரவு முழுவதும் குறுகிய இடைவெளியில் கூடைகளைச் சுற்றிவந்தோம். காலையில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டால், வெயில் ஏறியதும் கூடைக்குள் குஞ்சுகள் வதங்கிச் சாகும்.

வெளிவந்த குஞ்சுகளை உடனே விட வேண்டும் என்பதில் நாங்கள் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளிவந்த முதல் ஒரு நாள் குஞ்சு ஓயாமல் நீந்தி ஆழ்கடலை அடைய முயல்கிறது. அதற்கான ஆற்றல் வயிற்றில் எஞ்சியுள்ள மஞ்சள்கருவிலிருந்து வருகிறது. தொட்டியில் நீர் நிரப்பி அதில் மறுநாள் மாலை வரை வைத்திருந்து, பார்வையாளர்கள் கூடியபின் விடும் நிகழ்ச்சிகளில், கடலில் செலவழிய வேண்டிய அந்த ஆற்றல் தொட்டிச் சுவரை மோதியே தீர்ந்துவிடுகிறது. மக்கள் பார்ப்பது நல்லதுதான். ஆனால் குஞ்சு வெளிவரும் நேரத்துக்கு மக்கள் வர வேண்டுமே தவிர, மக்கள் வரும் நேரத்துக்குக் குஞ்சைப் பிடித்து வைக்கக் கூடாது. விடும் இடத்தையும் ஒவ்வொரு முறையும் மாற்றினோம், ஏனெனில் ஒரே இடத்தில் தொடர்ந்து விட்டால் அங்கே மீன்கள் காத்திருக்கப் பழகிவிடும். நீர்விளிம்பில் வைக்காமல், பல மீட்டர் முன்னரே மணலில் விட்டு, தாமே நடந்து போகவிட்டோம்.

வெளிச்சம்தான் அப்போதைய பெருந்தொல்லை. கடல்மேல் வானம் கரையைவிடச் சற்று வெளிச்சமாக இருப்பதை வைத்தே குஞ்சுகள் திசையறிகின்றன. கரையோர விளக்கு எரிந்தால் அதை நோக்கித் திரும்பிவிடும். நீலமும் வெள்ளையும் கலந்த ஒளி அவற்றை மிகுதியாக இழுக்கும். நீண்ட அலைநீளமுள்ள செம்மஞ்சள், சிவப்பு ஒளியின் ஈர்ப்பு குறைவு. கரையோரக் கட்டடங்களில் விளக்குகளை அணைக்கச் சொல்வதைவிட, கடல்பக்கம் மறைப்பு வைத்துத் தரையை மட்டும் நோக்கித் திருப்பக் கேட்டபோது இணக்கம் எளிதாகக் கிடைத்தது. எங்கள் கையிலும் சிவப்பு விளக்கு மட்டுமே இருந்தது. குஞ்சுகள் நடக்கும்போது அதையும் அணைத்துவிடுவோம்.

குஞ்சுகள் பெருங்கூட்டமாக வெளிவந்து இரண்டு, மூன்று நாட்கள் ஆனதும் குழியைத் தோண்டி எஞ்சியவற்றை எண்ணுவோம். நாற்றம் பிடித்த வேலை. ஆனால் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. வெற்று ஓடுகளைத் தனியே அடுக்கி, கிழிந்த துண்டுகளைச் சேர்த்துப் பாதிக்கு மேல் தேறினால் ஒன்றாகக் கணக்கிடுவோம். அந்த எண்ணை மொத்த முட்டைகளால் வகுத்தால் பொரிப்பு விகிதம். பொரியாத முட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கரு எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்ப்போம். இரத்தக்குழாய்களும் சிறு கண்புள்ளியும் மட்டும் தெரிந்தால் தொடக்கத்திலேயே இறந்தது என்று பொருள். முட்டையை எடுத்த விதத்திலோ, கொண்டுவந்த நேரத்திலோ கோளாறு இருக்கலாம் என்று அந்தக் குழியின் பதிவைத் திருப்பிப் பார்ப்போம். மேலோடும் துடுப்பும் நிறமேறி முழுதாக உருவானபின் இறந்திருந்தால், கடைசி வாரங்களின் வெப்பத்தையும் மழையையும் பார்ப்போம். ஓட்டின்மேல் இளஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ படர்ந்திருந்தால் அது பூஞ்சை. ஃபியூசேரியம் இனத்தைச் சேர்ந்த பூஞ்சைகள் கடலாமை முட்டைகளைத் தாக்குவது உலகின் பல கரைகளில் பதிவாகியுள்ளது. அத்தகைய குழியின் மணலை உள்ளே கொட்டாமல், வேலிக்கு வெளியே தொலைவில் ஆழப் புதைத்தோம்.

மேலே சொன்ன அத்தனை உழைப்பும் முட்டை என்ற ஒரு கட்டத்துக்கு மட்டுமே உதவுகிறது. முட்டைகள் அனைத்தையும் காப்பாற்றினாலும், வளர்ந்த ஆமைகளும் பெரிய இளம் ஆமைகளும் வலைகளில் தொடர்ந்து இறந்தால் எண்ணிக்கை மீளாது என்பதை, அமெரிக்கக் கரையின் பெருந்தலை ஆமைகளை வைத்து டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் கேஸ்வெல் ஆகியோர் 1987-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இழுவலைகளில் ஆமை தப்பிச் செல்லும் சாதனத்தைப் பொருத்த வேண்டும் என்ற வாதத்துக்கு அந்த ஆய்வு வலுச் சேர்த்தது. கரையில் ஒதுங்கும் இறந்த ஆமைகளின் அளவையும் நிலையையும் பொரிப்பகப் பதிவேட்டிலேயே தனிப் பக்கத்தில் குறித்துவைத்தது இதனால்தான். மீனவர்களோடும் துறையினரோடும் பேசும்போது எங்களுக்கு அதிகம் பயன்பட்டது அந்தப் பக்கமே.

பருவம் முடிந்ததும் வேலியைப் பிரித்து, கழிகளையும் கயிறுகளையும் ஒன்றுவிடாமல் அகற்றினோம். முட்டைகளின் கழிவு ஊறிய அதே மணலை அடுத்த பருவத்தில் மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்பதால், அதே மேட்டில் சற்றுத் தள்ளிப் புதிய இடத்தைக் குறித்து, அங்கேயும் குழி வெட்டி நீர்மட்டத்தைப் பார்த்தாயிற்று. கடற்கரையின் வடகோடியில் அலை எட்டாத உயரமான மணலில் இடப்படும் முட்டைகளை இனி எடுக்கப் போவதில்லை. குஞ்சு நுழைந்து வெளியேறும் அகலக் கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையைக் குழியின்மேல் தட்டையாக விரித்து, ஓரங்களை முளையடித்துப் புதைத்தால், நாய் தோண்ட முடியாது; குழியும் ஆமை தோண்டிய இடத்திலேயே இருக்கும். அதற்கான வலையை வெட்டிச் சுருட்டி வைத்திருக்கிறோம்.